வீட்டுக்கு ஓர் ஆள்

உடையார்பாளையம்
8-3-1943

சிரஞ்சீவி நடராசனுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். கார்டில் சாப்பாட்டைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை என்று அம்மாவுக்கு வருத்தம்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றும் சந்தேகங்கள் என்னை விட்டபாடில்லை. போன சித்திரையில் மணியக்காரர் தண்டோரா போட்டாரே, நினைவிருக்கிறதா? ஏரியில் மண் எடுக்கக் கூப்பிடுவது போலவே, பட்டாளத்துக்கும் வீட்டுக்கு ஓர் ஆள் என்றார். ஏரி வேலைக்கு மறுப்பது நம் ஊரில் வழக்கமில்லை. இதுவும் அப்படித்தான், சர்க்கார் சட்டம் என்று நினைத்தேன். அண்ணன் போனால் உழவு கெடும் என்று நீ புறப்பட்டாய். நானும் தடுக்காமல் விட்டுவிட்டேன்.

நேற்று ஜெயங்கொண்டம் சந்தையில், ஆள் சேர்க்கும் ஜமேதாரைத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். சிரித்துவிட்டார்.

“என்ன வாத்தியாரே, ஏரி மண்ணு அள்ளவா கூப்புடுறோம்? கட்டாயமெல்லாம் இங்கிலாந்துலதான். இங்க அவனவன் இஷ்டம்.”

ஆகவே உன்னை விடுவிக்கக் கேட்டுக் கர்னல் துரைக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். ‘சட்டம் என்று நம்பித்தான் வந்தேன், என் இஷ்டத்தால் அல்ல’ என்று நீ ஒரு வரி எழுதினால் சேர்த்து அனுப்புவேன். நான் இப்படிக் கேட்பது சரிதானா என்றும் தெரியவில்லை.

வைத்திலிங்கம்

பட்டாள முகாம்
29-3-1943

அன்புள்ள அப்பாவுக்கு நடராசன் வணங்கி எழுதுவது. இருக்கும் இடத்தின் பெயரை எழுத இங்கே அனுமதியில்லை. சாப்பாடு சப்பாத்திதான். அம்மாவிடம் சோறு என்றே சொல்லுங்கள்.

அந்த வரியை என்னால் எழுத முடியாது, அப்பா. பெயர் எழுதும்போது அதே ஜமேதார் என்னையும் கேட்டார்: “யாராச்சும் புடிச்சுத் தள்ளிக்கிட்டு வந்தாங்களாடா?” “இல்லீங்க, நானேதான் வந்தேன்” என்றேன். கட்டாயம் இல்லையென்று அப்போதே தெரிந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பியிருந்தால் நீங்கள் போகாதே என்றிருப்பீர்கள். நீங்கள் சொன்னால் நின்றுவிடுவேன். அதனால்தான் திரும்பவில்லை.

எனக்கு லாரி ஓட்டக் கற்றுத் தருபவன் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய். தன் ஊரில் ரொட்டி சுடுகிறவன். சட்டம் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்களாம். யாரும் கட்டாயப்படுத்தாமல் ஏன் வந்தாய் என்று தினமும் கேட்கிறான். எப்படி இருக்கும் என்று பார்க்கத் தோன்றியது, அவ்வளவுதான். கோபிக்காதீர்கள்.

நடராசன்

உடையார்பாளையம்
20-4-1943

சிரஞ்சீவி நடராசனுக்கு,

கடையில் காகிதம் கிடைக்கவில்லை. அனுப்பாத மனுவின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

கோபித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு கேள்விகள் வந்துவிட்டன. லாரியைப் பின்னால் நகர்த்தும்போது எதைப் பார்த்து ஓட்டுவாய்? அந்த ரொட்டிக்காரனுக்கு அப்பா இருக்கிறாரா? அவரும் மனு எழுதிப் பார்த்தாரா?

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சப்பாத்தியைச் சோறு என்றே படித்தேன். “அப்ப எப்பங்க வருவான்?” என்றாள். சேர்ந்தது அவன் இஷ்டம், விடுவது சர்க்கார் இஷ்டம் என்றேன். “இது என்னங்க இஷ்டம், உள்ளே போக மட்டும் கதவு வச்சுக்கிட்டு?” என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். எனக்கும் அது விளங்கவில்லை.

முந்தாநாள் ஏரி வேலைக்குத் தண்டோரா போட்டார்கள். நம் வீட்டு ஆளாக உன் அண்ணன் போயிருந்தான். கொஞ்சம் பொறுத்து நானும் போய் ஒரு கூடையை எடுத்தேன். இத்தனை வருஷத்தில் அந்த மண்ணை நான் தொட்டதில்லை.

மணியக்காரர் கரைமேலிருந்து, “வாத்தியாரே, உங்க வூட்டு ஆள்தான் வந்தாச்சே! உங்கள யாரு கூப்பிட்டா?” என்று சிரித்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

“யாரும் கூப்பிடலீங்க. எப்படி இருக்கும்னு பாக்க வந்தேன்” என்றேன்.

உன் அப்பா,
வைத்திலிங்கம்