பச்சைக் கோட்டுக்கு ஒரு மெமோ

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. உடம்பளவில் நாங்கள் இருவரும் சுகம், நீயும் மருமகளும் அப்படியே இருக்க வேண்டும். மனசுதான் கொதிக்கிறது, அதில் உனக்கும் பங்கு உண்டு, முழுக்கப் படி.

இரண்டு பஸ் மோதிய அன்று உன் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே மாட்டிக்கொண்டேன். ஸ்ட்ரெச்சர் போதாமல் கதவைக் கழற்றி அதில் ஆட்களைத் தூக்கி வருகிறார்கள். தலைமை நர்ஸம்மா, அதான் உன் அம்மா, என்னைப் பார்த்ததும், வேடிக்கை பாக்காம இந்த டிரிப் பாட்டிலைப் பிடிங்கன்னு கையில் திணித்துவிட்டாள். கூட இருந்த நர்ஸுகளிடம், கத்துறவங்க இருக்கட்டும், சத்தமே இல்லாதவங்களை முதல்ல பாருங்கடி என்றாள். கையில் கட்டும் அட்டை தீர்ந்துபோகவே மார்க்கரால் நெற்றியிலேயே கோடு போட்டாள், உடனே பார்க்க வேண்டியவர்களுக்குச் சிவப்பு, காத்திருக்கலாம் என்றால் பச்சை. காயமே தெரியாமல் மூலையில் சுருண்டு கிடந்த ஒரு பெண்ணுக்குச் சிவப்பு. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, நேரே ஆபரேஷனுக்குப் போய் இன்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள். முழங்கைச் சிராய்ப்புக்கு ஆஸ்பத்திரியையே இரண்டாக்கிய ஒருவனுக்குப் பச்சை. இவ்வளவு கத்தத் தெம்பிருக்கே, காத்திருக்கவும் இருக்கும், உக்காருங்க என்றாள். நான் சிரித்தேவிட்டேன்.

அந்த மகாராசன் பெரிய டாக்டரின் மச்சானாம்! முகத்தில் கிறுக்கி அவமானப்படுத்தினாள் என்று உன் அம்மாவுக்கு மெமோ. மாதக் கடைசிக்குள் மன்னிப்பு எழுதித் தராவிட்டால் சஸ்பெண்டாம். என்ன அநியாயம் பார். அன்று அந்தப் பெரிய டாக்டர் எங்கே போனார்? டிவிக்காரர்கள் வந்த பிறகு மடிப்புக் கலையாத கோட்டோடு வந்து நின்றார். ரத்தத்தில் நனைந்த செருப்போடு நின்ற நர்ஸுகளை ஓரமாகப் போகச் சொன்னார், படம் அசிங்கமாக வருமாம். த்தூ.

மெமோவை உன் அம்மா சீந்தவேயில்லை. நீ போன் செய்து, ரிடையர் ஆகப்போற நேரத்துல எதுக்கும்மா வம்பு, எழுதிக் குடுத்துடுங்கன்னு சொன்ன பிறகுதான் ஆளே சுருங்கிவிட்டாள். பெத்த பிள்ளையே சொல்றான், நான்தான் தப்போ என்று என்னிடம் கேட்கிறாள்.

சரி, குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. மருமகளுக்கு என் ஆசி, இருவரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். கடிதம் கிடைத்ததும் அம்மாவைக் கூப்பிடு. புத்தி சொல்ல வேண்டாம், அன்னைக்கு என்னம்மா நடந்துச்சுன்னு மட்டும் கேள், இதுவரை நீ அதைக் கேட்கவேயில்லை. இன்று காலை அவள் மன்னிப்பு எழுத உட்கார்ந்துவிட்டாள். பேனாவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன், அதில்தான் இதை எழுதுகிறேன். நீ கூப்பிடும்வரை திருப்பித் தர மாட்டேன்.

இப்படிக்கு,
ஆத்திரம் அடங்காத உன் அப்பா