ஆயுத பூசைக்கு ஒரு கைத்துப்பாக்கி

பிளானோ, டெக்சஸ்
14.9.1997

அன்புள்ள மாமாவுக்கு,

கண்மணி எழுதுவது. நானும் உங்கள் மகள் ஓவியாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் இருமல் நின்றதா? ஜெர்சி சிட்டியில் இப்போதே குளிர் எட்டிப் பார்க்கிறது என்றீர்கள். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டு வெளியே நின்று நடுங்குகிற ஆள் நீங்கள், எனக்குத் தெரியாதா? எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் நீங்கள் மூன்று சொல்லி முடித்துவிடுகிறீர்கள். அதோடு ஓவியா பக்கத்திலேயே நிற்கிறாள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வாய் வராதே தவிர காது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

ஜெயித்துவிட்டீர்கள். துப்பாக்கி வாங்கியாயிற்று.

ஏப்ரலில் அந்தத் திருடன் நம் மளிகைக் கடைக்குள் வந்து என் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டினானே, அன்றிலிருந்து உங்களுக்கு இதே பாட்டுத்தான். ஓடி வந்தீர்கள், நாலு நாள் கூட இருந்தீர்கள், திரும்ப அந்த பேங்க் கம்ப்யூட்டருக்கே போய்விட்டீர்கள். அவன் கல்லாவில் இருந்ததை வழித்துக்கொண்டு போனதுகூட எனக்குப் பெரிதில்லை. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஓவியாவைப் பார்த்து ‘க்யூட் கிட்’ என்று சொல்லிவிட்டுப் போனான் பாருங்கள், அதுதான் இன்னும் காதில் கேட்கிறது. போலீஸ் இன்றுவரை அவனைப் பிடிக்கவில்லை. அதற்காகத்தான் வகுப்புக்குப் போனேன், அட்டையில் சுட்டுக் காட்டினேன், கைரேகை கொடுத்தேன். உடம்போடு மறைத்து எடுத்துப்போகிற லைசென்ஸ் போன வாரம் தபாலில் வந்தது.

துப்பாக்கிக் கடைக்குக் கூட்டிப் போனது நம் கஸ்தூரிரங்கன் அங்கிள்தான். அந்த மனுஷனை நினைத்தால் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெங்காயம் பூண்டு சேர்க்க மாட்டார், ஏகாதசி தவற மாட்டார், ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு பை நிறையத் தோட்டாவோடு சுடுகிற இடத்துக்குக் கிளம்பிவிடுகிறார். பர்வதம் ஆன்ட்டி தலையில் அடித்துக்கொள்கிறார்.

துப்பாக்கிக் கடைக்காரன் என்னைப் பார்த்ததும் குட்டியாக ஒன்றை எடுத்து வைத்து, லேடீஸ் எல்லோரும் இதைத்தான் விரும்புவார்கள் என்றான். தீப்பெட்டி மாதிரி அழகாகத்தான் இருந்தது. பின்னால் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தேன். உலக்கை நழுவிக் கையில் விழுந்த மாதிரி ஒரு அடி. சின்னதாக, லேசாக இருந்தால் உதைப்பது அதிகமாம். அங்கிள் பக்கத்தில் நின்றுகொண்டு, “அழகு பார்த்து வாங்கறதுக்கு இது என்ன தோடா? தெனம் இடுப்புல வெச்சுண்டு போகணும், பதட்டத்துலயும் கை தப்பு பண்ணக்கூடாது. அது ரெண்டையும் பாரும்மா” என்றார்.

உங்கள் பேங்க் நண்பர் சிபாரிசு செய்த ஆட்டோமேட்டிக்கையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து விடவேண்டும். இருபது பவுண்டு அரிசிப் பையைத் தூக்கி அடுக்குகிறவள் நான், எனக்கே நகம் பிய்ந்தது. ஒருமுறை இழுத்துவிட்டால் அப்புறம் விரல் பட்டாலே போதும், அவ்வளவு லேசான விசை. அது எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ஐந்து குண்டு போடுகிற ரிவால்வரை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் விசையை இறுக்கி அழுத்த வேண்டும், விரல் வலிக்கிறது. அங்கிளும் சரி என்றார். உங்கள் நண்பரிடம் என் மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வாங்கியதைவிட வைத்துக்கொள்வதுதான் பெரும்பாடு. கைப்பையில் வேண்டாம், பிடுங்கிக்கொண்டு போனால் அவனுக்கு நாமே ஆயுதம் கொடுத்த மாதிரி என்கிறார் அங்கிள். சுடிதார் நாடாவில் உறையை மாட்டினால் எல்லாம் சேர்ந்து கீழே இறங்குகிறது. நல்ல வேளை, அப்போது கடையில் யாரும் இல்லை. இப்போது ஜீன்ஸும் ஆம்பிளை பெல்ட்டும் போட்டு, மேலே தொளதொளவென்று குர்தாவோடு திரிகிறேன். வசந்தாமணி அக்கா பருப்பு வாங்க வந்தவர் என் இடுப்பில் கை பட்டு, “ஏங் கண்ணு, இதென்ன கல்லாட்டம்? கட்டியா? டாக்டர்கிட்ட காட்டுனியா?” என்று பதறிப்போனார். சாவிக்கொத்து அக்கா என்று சமாளித்தேன்.

சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள், இதையும் படியுங்கள். இப்போதெல்லாம் யார் கடைக்குள் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைத்தான் பார்க்கிறேன். நேற்று நம் கந்தசாமி அண்ணன் பர்ஸ் எடுக்கப் பின்பாக்கெட்டுக்குக் கையைக் கொண்டுபோனார். என் கை தானாக இடுப்புக்குப் போய்விட்டது. அவர் கவனிக்கவில்லை. ‘தங்கச்சி, கொத்தமல்லி ரெண்டு கட்டாப் போடு’ என்றார். போட்டேன்.

தீபாவளிக்காவது வருவீர்களா? ப்ராஜெக்ட், டெட்லைன் என்று ஆரம்பிக்காதீர்கள். ஓவியா உங்கள் தலையணையைத் தன் கட்டிலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

என்றும் உங்கள்,
கண்மணி


பிளானோ
12.10.1997

அன்புள்ள மாமாவுக்கு,

ஆயுத பூசையை நல்லபடியாக முடித்தோம் என்று நேற்று போனில் சொன்னேன். முடிந்ததைச் சொன்னேனே தவிர நடந்ததைச் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து வீட்டில் பலகை போட்டேன். கடைத் தராசு, அட்டைப்பெட்டி கிழிக்கிற கத்தி, கார் சாவி, ஓவியாவின் புத்தகமும் கிரேயானும், உங்கள் பழைய கால்குலேட்டர், எல்லாம் வைத்தேன். நீங்கள் போன் செய்தீர்கள். “அதையும் வெச்சியா? நம்மளக் காப்பாத்துற ஆயுதமே அதுதான், உட்டுறாத” என்றீர்கள். குண்டுகளை எடுத்துவிட்டு வைக்கட்டுமா என்று கேட்டேன். ஞாபகம் இருக்கிறதா, என்ன சொன்னீர்கள் என்று? “வெறும் டப்பாவுக்கு யாராச்சும் பூசை போடுவாங்களா? ராத்திரி எவனாச்சும் வந்தா தேங்காயை எடுத்தா வீசுவே?” என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வைத்தது என் கைதான், மாமா. பழியை உங்கள் தலையில் மட்டும் கட்டவில்லை.

எல்லாவற்றுக்கும் வைத்த மாதிரி அதற்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பிடியில் ஒரு பொட்டு, குழல் முனையில் ஒரு பொட்டு. குங்குமத்தைக் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்திருந்தேன், உதிராமல் நிற்கட்டும் என்று.

மற்ற நாளில் ராத்திரி ஆனால் அதை அலமாரியின் மேல்தட்டில் பூட்டி வைத்துவிடுவேன். பூசையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூசை போடாமல் எடுக்கக்கூடாதே, அதனால் அது தரையோடு தரையாகப் பலகையிலேயே இருந்தது. ஓவியாவும் அதில் கெட்டி. போன வருஷம் தன் கிரேயானைக்கூடத் தொடாமல் விடியும்வரை காத்திருந்தவள். அந்த நம்பிக்கையில்தான் நான் படுத்தேன்.

காலையில் குளித்துவிட்டுப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஓவியா கார் சாவியோடு வந்து நின்றாள். யார் கண்ணு உன்னை எடுக்கச் சொன்னது, சாமி கும்பிட வேண்டாமா என்று கேட்டேன். “ஐ டிட், மம்மி. அப்பா இஸ் நாட் ஹியர். ஐ’ம் டூயிங் அப்பா’ஸ் ஜாப்” என்றாள். வருஷா வருஷம் நீங்கள்தானே பலகையைக் கலைத்து, இது உன்னுது, நல்லாப் பண்ணு என்று சொல்லி அவரவர் சாமானை அவரவர் கையில் கொடுப்பீர்கள். அதே மாதிரி, ‘நல்லாப் பண்ணு’ என்று மட்டும் தமிழில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. சாவியை வாங்கி வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பொங்கல் அடிப்பிடிக்கிற நேரம்.

அப்போதாவது என் புத்தி வேலை செய்திருக்க வேண்டாமா? செய்யவில்லை. அவள் ஓடிப் போகிற சத்தம் கேட்டது. நெய் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“மம்மி, திஸ் ஒன் இஸ் ஹெவி” என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. திரும்பினேன்.

இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், மாமா. கிண்டர்கார்டனில் அவர்களுக்குக் கத்தரிக்கோலை எப்படிக் கொடுப்பது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கூர்ப்பக்கம் தன்னைப் பார்க்க வேண்டும், பிடி வாங்குகிறவர் பக்கம் இருக்க வேண்டும். அதுதான் மரியாதை. அந்த மரியாதையோடு பிடியை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள். குழல் அவளைப் பார்த்திருந்தது. கட்டைவிரல் விசை வளையத்துக்குள் இருந்தது.

பிடுங்கலாம் என்றால், எதைப் பிடுங்கினாலும் அவள் விளையாட்டு என்று இறுக்கிப் பிடித்து இழுப்பாள், உங்களுக்கே தெரியும். கத்தினால் தூக்கிவாரிப் போடும், கை இறுகும். வகுப்பில் எத்தனையோ சொல்லிக் கொடுத்தார்கள், இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. என் வாயில் எப்படி வந்ததென்று இப்போதும் தெரியவில்லை. ஊசியோ கத்தியோ யார் நீட்டினாலும் நம் வீட்டில் சொல்வோமே, அதுதான் வந்தது. “கைக்குக் கை குடுக்கக்கூடாது சாமி. சண்ட வரும். மெதுவாக் கீழ வை, அம்மா எடுத்துக்கறேன்” என்றேன். குரல் நடுங்கவில்லை.

“ஓ, ஸாரி” என்றாள். குனிந்து, குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி இரண்டு கையாலும் தரையில் வைத்தாள். விரலை எடுத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, ‘நல்லாப் பண்ணு’ என்றாள்.

நான் அதை எடுத்து ஐந்து குண்டையும் கழற்றினேன். அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்து அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ‘ஆர் யூ மேட்?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இல்லை என்றேன். பொங்கல் கருகி வீடெல்லாம் புகை. அலாரம் அலறியபோதுதான் எழுந்தேன்.

நேற்று போனில் நான் சொன்னதெல்லாம், ஓவியா அதை எடுத்துவிட்டாள், வாங்கி வைத்துவிட்டேன் என்பதுதான். அவள் என் குர்தாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. “ஒண்ணும் ஆகலீல்ல? உடு. அடுத்த வாட்டி ஒசரமா வை” என்றீர்கள். அப்புறம் நியூபோர்ட்டில் புதிதாகத் திறந்த ஹோட்டலில் தோசை நன்றாக இருக்கிறது என்றீர்கள். உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போனை அங்கேயே உடைத்திருப்பேன். ராத்திரி யோசித்தபோது, பார்க்காதவரிடம் என்ன கோபம் என்று ஆறிப்போனது.

இன்று காலை துப்பாக்கியைக் கொண்டுபோய் கஸ்தூரிரங்கன் அங்கிளிடம் கொடுத்துவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவ்வளவு இறுக்கமான விசை ஐந்து வயதுக் குழந்தையின் விரலுக்குக் கஷ்டம்தான் என்றார். கஷ்டம் என்றுதான் சொன்னார். முடியாது என்று சொல்லவில்லை. பர்வதம் ஆன்ட்டி கொடுத்த காபியை நாங்கள் இரண்டு பேரும் குடிக்காமலே வைத்துவிட்டோம்.

வகுப்பில் என்னோடு இருந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளும் அசராமல், பூட்டி, எண்ணி, கவனமாக வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கடை, பிள்ளை, அடுப்பு, துப்பாக்கி, இந்த நாலையும் ஒருத்தியால் தனியாகப் பார்க்க முடியாது. மூன்றுதான் முடியும். எதை விடுவதென்று எனக்கு யோசனையே இல்லை.

அந்தத் திருடன் இன்னும் வெளியில்தான் திரிகிறான், அது எனக்கு மறக்கவில்லை. நாளைக்குக் கடை திறப்பேன். சாயங்காலம் ஓவியாவைக் கையில் பிடித்துக்கொண்டு கதவைப் பூட்டுவேன். எனக்குப் பயமாக இருக்கிறது, மாமா. இத்தனை மாதத்தில் நான் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. நீங்கள் எந்தத் துப்பாக்கி என்று கேட்டீர்கள், எத்தனை குண்டு என்று கேட்டீர்கள், இதைக் கேட்கவில்லை.

இன்னொரு துப்பாக்கி வாங்கச் சொல்லி போன் செய்யாதீர்கள். பூட்டுப் பெட்டி வாங்கி அனுப்பாதீர்கள். இருமலுக்குக் கஷாயப் பொடி வைத்திருக்கிறேன், வெந்நீரில் போட்டுக் குடியுங்கள். அதோடு ஓவியா நேற்று காலை போட்டிருந்த மஞ்சள் நைட்டியையும் ஒரு கவரில் மடித்து வைத்திருக்கிறேன். துவைக்கவில்லை. விரித்துப் பாருங்கள். முன்பக்கம், இடது பக்கமாக, குழல் முனையில் நான் வைத்த பொட்டு அப்படியே வட்டமாக ஒட்டியிருக்கிறது.

பார்த்துவிட்டு, அதை நீங்களே கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

உங்கள் வரவுக்காக,
கண்மணி