யென்ஸின் காணிக்குள் நாற்பது நிமிடம்

நவம்பர் 4, திங்கள்

மேற்குக் காற்று. மழை இல்லை, ஆனால் முகமெல்லாம் ஈரம். ஹொல்ஸ்டெப்ரோ என்ற டெனிஷ் ஊருக்குத் தெற்கே சோளம் வெட்டி முடிந்த வயல். அளவீடு தொடக்கம்.

உடம்பில் இரும்பு கூடாது. கழற்றியவை: பெல்ட், மணிக்கூடு, தலைக்கிளிப், தாலிக்கொடியில் கொழுவியிருந்த இரண்டு சேஃப்டி பின்.

எப்போதோ மண்ணை வெட்டி மூடியிருந்தால் அந்த இடத்தில் காந்தம் கொஞ்சம் மாறியிருக்கும். காந்தமானி வண்டி அதைப் பதியும். நான் தள்ள வேண்டும், அவ்வளவுதான். காலையிலிருந்து மூன்றரை மணி வரை. தனியே.

தேடுவது ரோமர் காலத்துப் பாதை. ரோமர் இந்தப் பக்கம் வந்ததில்லை; அந்தக் காலத்தில் இங்கிருந்த சனம் போட்டது. தை மாதம் வயல் முழுக்க சோலார் பலகை வருகிறது. அதற்குள் பாதைதான் என்று காட்டினால் தோண்டிப் பார்க்க நாள் கேட்கலாம். இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான்.

நவம்பர் 6, புதன்

இரண்டு கோடு! சமாந்தரமாக, ஐந்து மீட்டர் இடைவெளி, நேரே ஓடையை நோக்கி. பாதையின் இரு பக்கமும் தண்ணீர் ஓட வெட்டிய கான்கள். வேறென்ன.

மியூசியத்தில் என் மேலதிகாரி கியர்ஸ்டன். படத்தை அனுப்பியவுடன் அழைத்தாள். "வயல் வாய்க்காலாவும் இருக்கலாம். ஓடைக்கரையிலை கல்லுப் பாவியிருந்தால் பாதைதான். அதுவரை அளந்து பார்."

சரிதான். ஆனால் வயலுக்கும் ஓடைக்கும் நடுவே வேறொருவர் நிலம். யென்ஸ் என்று பெயர். கேட்க வேண்டும்.

பால் முடிந்தது. மகளுக்குக் குளிர்ச் சப்பாத்து வாங்க வேண்டும்.

நவம்பர் 7, வியாழன்

பனிப்புகார். யென்ஸ் வீடு. எழுபது வயதிருக்கும். கோப்பி ஊற்றித் தந்தார், பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"இல்லை. அந்தத் துண்டிலை ஒருத்தரும் நடக்கிறேல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. ஜன்னலால் காட்டினார். வெறும் புல். முன்பு அங்கே பன்னிரண்டு நீளக் கொட்டில், தோலுக்காக வளர்த்த மிங்க், கீரி மாதிரிப் பிராணி. கொரோனா நேரம் நாடு முழுக்க மிங்க் எல்லாவற்றையும் கொல்லச் சொல்லி அரசு உத்தரவு. வெள்ளை உடுப்புக்காரர் வந்தார்கள். இரண்டு நாள் வேலை.

"நான் இந்தக் கதிரையிலைதான் இருந்தனான். மகன் வெளியிலை நிண்டவன். அடுத்த மாதம் நோர்வேக்குப் போயிட்டான். நத்தாருக்கு ஃபோன் எடுப்பான்."

கொட்டில்களைப் பிறகு உடைத்துக் கொண்டுபோனார்களாம். அதற்குப் பின் தானும் அங்கே போனதில்லையாம்.

"உங்கடை காணிக்குள்ளை வர மாட்டன்" என்றேன். கை கொடுத்தார். டெனிஷில் எல்லோருக்கும் 'நீ' தான், அவரை எழுதும்போது 'நீங்கள்' என்றே வருகிறது.

நவம்பர் 11, திங்கள்

மழை. கியர்ஸ்டன்: "திருப்பிக் கேட்டனியோ?"

கேட்கவில்லை. கேட்டதாகவும் அவர் மறுத்ததாகவும் சொன்னேன். ஏன் சொன்னேன்?

"அந்தத் துண்டு இல்லாட்டி எங்களிட்டை ஒண்டுமில்லை" என்றாள். தெரியும். இருபது வருட வேலையில் நானே கண்டுபிடித்தது என்று சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மற்றவர்கள் தோண்டப் போகும் இடத்துக்குப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 13, புதன்

காலையில் யென்ஸ் வீட்டு வாசலில் ஆஸ்பத்திரி வாகனம். பக்கத்து வயல்காரர் சொன்னார், இடுப்புச் சத்திரசிகிச்சை, இரண்டு நாளாவது செல்லும் என்று.

பதினொரு மணிக்கு வண்டியைத் திருப்பி அவர் காணிக்குள் தள்ளிக்கொண்டு போனேன். நாற்பது நிமிடம். நிலம் சொதசொதவென்று. வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை.

இப்போது வேறொன்றும் எழுத வரவில்லை.

நவம்பர் 14, வியாழன்

ஒன்றும் இல்லை. படம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையும் பொரிந்து கிடக்கிறது. ஆணி, கம்பி, வலைத்துண்டு. பன்னிரண்டு கொட்டிலின் அத்திவாரம் வரிவரியாகத் தெரிகிறது. எல்லைவரை வந்த இரண்டு கோடும் முதலாவது அத்திவாரத்தோடு சரி. அங்கே ஒரு மீட்டருக்கு மேல் ஆழமாக வெட்டியிருக்கிறார்கள்.

பின்னேரம் கணவர் பாலனிடம் சொன்னேன். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"அந்த மனிசன் மாட்டன் எண்டவர்தானே?"

"ஓம்."

"ஊரிலை எங்கடை ஐயாவின்ரை காணிக்குள்ளை ஆமி இருந்தது. வேலிக்கு வெளியிலை நிண்டு பாத்தனாங்கள். அதெல்லாம் உமக்குத் தெரியாததே?"

"அதுவும் இதுவும் ஒண்டோ?"

"ஒண்டில்லைத்தான். நீர் கை குடுத்திட்டுப் போனீர்."

மகள் இருவரையும் பார்த்துவிட்டு டெனிஷில் என்னவோ முணுமுணுத்தபடி அறைக்குள் போனாள்.

நவம்பர் 16, சனி

வேலையில்லாத நாள். ஆனாலும் போனேன். யென்ஸ் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். ஊன்றுகோல் இரண்டும் கையில், தானே கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"ஜன்னலாலை சக்கரத் தடம் கண்டனான். நீயோ?"

"ஓம். நான்தான்."

புல் பக்கம் பார்த்தார். பிறகு, "அந்த வெள்ளை உடுப்புக்காரங்களாவது கடிதம் போட்டிட்டு வந்தவங்கள்."

மன்னிப்புக் கேட்டேன். டெனிஷில் அந்தச் சொல் கடையில் யாரோடாவது முட்டுப்பட்டால் சொல்கிற சொல் மாதிரித்தான் இருந்தது.

திரும்பி நடக்கப் பார்த்தேன். "பாதை இருந்ததோ?" என்று கேட்டார்.

இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். இன்னொரு பொய் வேண்டாம் என்று நினைத்தேன். "இருந்திருக்க வேணும். கொட்டிலுக்கு அத்திவாரம் வெட்டேக்கை போயிருக்கு."

"எல்லாமோ?"

"எல்லாம்."

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "நானும் மகனும்தான் வெட்டினது. அவனுக்கு அப்ப பதினேழு. நிறையக் கல்லு வந்தது. சப்பட்டைக் கல்லு, அடுக்கி வைச்ச மாதிரி. வயல் கல்லெண்டு நினைச்சு ஓடைக்குள்ளை கொட்டினனாங்கள்."

கல் பாவிய பாதை. நான் தேடியது அதுதான். என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கியிருக்கும்.

கதவைச் சாத்தினார். மெதுவாக.

நவம்பர் 18, திங்கள்

கியர்ஸ்டனிடம் எல்லாம் சொன்னேன். கல் விஷயம்வரை. "அந்த அளவீட்டு ஃபைலை அழி. அனுமதியில்லாமல் எடுத்ததை நாங்கள் பாவிக்கேலாது. கல்லுக் கதையும் அவர் சம்மதிச்சால்தான்."

அவரிடம் போய்ச் சம்மதம் கேட்க என்னால் முடியாது. அழித்தேன். அறிக்கையில்: ஓடையோர நிலம் அளக்கப்படவில்லை, உரிமையாளர் மறுத்துவிட்டார். இரு கோடுகள், வாய்க்காலாக இருக்கலாம்.

நவம்பர் 20, புதன்

ஆலங்கட்டி மழை, பிறகு வெயில் ஐந்து நிமிடம். சோலார்காரர் வயலில் மரக்குச்சி அடிக்கத் தொடங்கிவிட்டார்கள், என் இரண்டு கோட்டுக்கும் குறுக்கே. அளவீட்டுக்கு அடையாளமாக நான் நட்ட மீதிக் கொடிகளைப் பிடுங்கிக் காரில் போட்டேன்.

வரும் வழியில் யென்ஸின் காணி. முன்பு அங்கே கேட் கிடையாது. இரண்டு கட்டை நட்டு நடுவே சங்கிலி போட்டிருக்கிறது. ஊன்றுகோலோடு எப்படி நட்டாரோ.