வெல்ல மரத்துக்கு ஒரு சாட்சி

பாலக்கோடு
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் யுவராணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் மாடு கன்றும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊர்க் குளிரில் சளி கிளி பிடிக்காமல் இருக்கிறீர்களா. போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்பாய். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் வெட்ட முடியாது, உட்கார்ந்து படி. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, நீ அனுப்பிய தைலம் ஒன்றும் கேட்கவில்லை என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சந்தைக்கு நடந்தே போய் வருகிறார். தக்காளி இந்தத் தடவை பரவாயில்லை, மண்டிக்குப் போன பெட்டி எதுவும் திரும்பி வரவில்லை. சிவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை.

போன தடவை வந்தபோது, சீரியல் பார்த்தே உனக்குக் கண் போகிறது என்று சொல்லி என் போனில் ஒரு இயற்கைக் கையேட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாயே, ஊர் ஊராக ஆட்கள் சேர்ந்து மரம் செடி பறவை பூச்சி பற்றி எழுதுகிறார்களே, அதில்தான் இப்போது என் பொழுது போகிறது. நான் எழுதத் தெரிந்த விஷயம் புளிதான், அதை எழுதினேன். நம் வீட்டில் யாராவது சும்மா புளியமரம் என்று சொல்லி நீ கேட்டிருக்கிறாயா. கிணற்று மரம், கோணக்கால் மரம், பாறை மரம், வெல்ல மரம் என்றுதான் சொல்வோம், ரசத்துக்கு ஒன்று, ஊறுகாய்க்கு ஒன்று, பிள்ளைகள் உப்பு தொட்டுத் தின்ன ஒன்று. அதனால் மரத்துக்கு ஒரு பக்கம் என்று எழுதித் தள்ளிவிட்டேன். அந்தக் கையேட்டில் புளி என்று தேடினால் பக்கம் பக்கமாக நம் காடுதான் வந்தது, உன் அப்பா பார்த்துவிட்டு, அப்படியே பட்டா சிட்டாவையும் ஏத்திடு என்று கிண்டல் செய்தார்.

சேலத்தில் ஜெயபிரியா என்று ஒரு பெண், அவள்தான் அதில் பகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறாள். பகுப்பு என்றால் வேறொன்றுமில்லை, சமையலறை அலமாரியில் பருப்புக்கு ஒரு தட்டு, மசாலாவுக்கு ஒரு தட்டு என்று டப்பாக்களைப் பிரித்து வைப்போமே அதுதான். அவள் எனக்கு எழுதினாள், அம்மா, ஒரு இனத்துக்கு ஒரு பக்கம்தான் இருக்கலாம், எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டு உங்கள் மரங்களை அதற்குக் கீழே துணைப்பகுப்பாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் மரத்துக்கு மரம் சான்று வேண்டும், எழுதியவர் வீட்டைச் சேராத ஒருவர் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் எடுத்துவிடுவோம் என்று. நான் எல்லா மரத்துக்கும் சான்று என்ற இடத்தில் உன் அப்பா பெயரையும் உன் பெயரையும் போட்டிருந்தேன், அதையெல்லாம் அடித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. கட்டின புருஷன் சொல் செல்லாதா என்று கேட்டதற்கு, கட்டின புருஷன் என்பதால்தான் செல்லாது என்றாள். யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான், என் குழம்பை உன் அப்பா என்றைக்குக் குறை சொல்லியிருக்கிறார்.

மற்ற மரங்களுக்குப் பிரச்சினை இல்லை, புளி தட்ட வந்த செல்லியும் அவள் ஜோடி ஆட்களும் தின்று பார்த்துச் சொன்னார்கள். வெல்ல மரத்தில்தான் சிக்கல். பாகம் பிரித்தபோது அது உன் சித்தப்பா பங்குக்குப் போனதும், அதற்காக நானும் ராஜாமணி சித்தியும் வரப்பில் நின்று பேசக்கூடாததெல்லாம் பேசிக்கொண்டதும் உனக்குத் தெரியும், அப்போது நீ காலேஜில் இருந்தாய். அதற்குப் பிறகு நான் அவள் வாசலை மிதிக்கவும் இல்லை, அந்தப் புளியை வாயில் வைக்கவும் இல்லை. ஆனாலும் மாவட்டத்திலேயே இனிப்பான மரம் என்று எழுதி வைத்திருந்தேன். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று ஜெயபிரியா கேட்டதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அழிச்சா அழிச்சிட்டுப் போறாங்க விடு என்று உன் அப்பா சொல்லிவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தப் பக்கமும் போய்விட்டால் அந்த மரம் என்னை விட்டு இரண்டாவது தடவையும் போன மாதிரி. சோறு இறங்காமல் கிடந்துவிட்டு, ஒரு நாள் காலையில் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அங்கே மரத்தடியில் தார்ப்பாய் விரித்துப் புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். ராஜாமணி என்னைப் பார்த்தாள், சாக்கை நகர்த்திப் போட்டு உக்காருங்கக்கா என்றாள். போனைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, இதுக்குத்தான் வந்தீங்களா என்றாள். இல்லை என்று சொல்ல வாய் வந்தது, ஆமாம் என்றேன். அவள் ஒரு பழத்தை உடைத்து என் கையில் வைத்தாள். முன்னால் லேசாகப் புளித்து, பின்னால் அதே இனிப்பு, யுவராணி, அப்படியே இருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு தின்றதைப் பார்த்து அவள் சொன்னாள், வெல்ல மரம்னு பேருதாங்கக்கா பெரிசு, எம்மாங் கரைச்சு ஊத்துனாலும் கொழம்புல புளிப்பே ஏற மாட்டேங்குது, உங்க கோணக்கா மரத்துப் புளிக்கு நான் ஏங்காத வருசமே இல்ல, கேக்க வாய் வரல என்று. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, அழுகைதான் முந்திக்கொண்டது. இத்தனை வருஷம் அவள் காட்டைப் பார்த்து நானும் என் காட்டைப் பார்த்து அவளும் பெருமூச்சு விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறோம்.

மறுநாளே ஒரு கூடை கோணக்கால் புளி கொண்டுபோய்க் கொடுத்தேன். அதோடு சுபமாக முடிந்தது என்று நினைக்காதே. பாகம் பிரிந்த வேறு வீடு என்று ராஜாமணியையே சாட்சியாக வைத்துச் சான்று எழுத உட்கார்ந்தால் சண்டை மறுபடி ஆரம்பம். நான் இனிப்பு என்கிறேன், அவள் சப்பென்று இருக்கிறது என்கிறாள். சாட்சி நான், நான் சொல்றதத்தான் எழுதணும் என்று பிடிவாதம். சித்தப்பாவுக்கு ஊட்டிக் கேட்டோம், பொண்டாட்டி முகத்தைப் பார்த்துவிட்டு நழுவிவிட்டார். உன் அப்பாவுக்கு இரண்டு மரத்துப் புளியையும் எது எதென்று சொல்லாமல் கொடுத்தோம், ரெண்டும் புளிக்குது என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். ஜெயபிரியா இதைப் படித்துச் சிரித்ததாக எழுதினாள். பிறகு என்ன நினைத்தாளோ, நம் மாவட்டத்து வேலிகள் பகுப்பை ஒழுங்குபடுத்தும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டாள். அதைத் திறந்து பார்த்தால் கிளுவையும் கள்ளியும் இருக்கிற இடத்தில் ஓணானும் இருக்கிறது, வேலியில்தானே உட்கார்ந்திருக்கிறது என்று யாரோ சேர்த்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் மரத்துக்கு மரம் எழுதினேன் என்பதால் அவரைத் திட்டாமல் ஓணானை மட்டும் பல்லி இனத்துக்கு மாற்றி வைத்தேன். இப்போது சாயங்காலம் ராஜாமணியும் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், நான் தட்டச்சு செய்கிறேன், அவள் குறை சொல்கிறாள், நன்றாகத்தான் பொழுது போகிறது. நீயும் வேளா வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழாதே, மாப்பிள்ளைக்கு ரசம் பிடிக்கும் என்றால் பாக்கெட் பொடியைப் போட்டு ஏமாற்றாதே.

வெல்ல மரத்தின் விஷயம் மட்டும் முடியவில்லை. எழுதியவரும் சாட்சியும் முரண்பட்டால் இரண்டு வீட்டையும் சேராத மூன்றாவது ஆள் வேண்டும் என்று ஜெயபிரியா சொல்லிவிட்டாள். இந்த ஊரில் யாரைக் கூப்பிட்டாலும் ஏதாவது ஒரு பக்கத்துக்குச் சொந்தம். அப்போது ராஜாமணிதான் சொன்னாள், யுவராணி இருக்காளேக்கா, அவ இப்ப உங்க வூட்டுலயும் இல்ல, எங்க வூட்டுலயும் இல்ல, அவள விட வெளியாளு யாரு இருக்கா என்று. விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அதற்கு மேல் அன்றைக்கு நான் தட்டச்சு செய்யவில்லை.

சித்திரையில் லீவு இருக்கிறது என்று சொன்னாய், வருவதாகச் சொல்லவில்லை. நான் வா என்று வற்புறுத்தமாட்டேன், உனக்கு ஆயிரம் வேலை இருக்கும். நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், கைக்கு வேலையும் வாய்க்குச் சிரிப்புமாக நெடுநாள் இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வை. வெல்ல மரத்தை முழுக்க உலுக்கியாகிவிட்டது, வரப்புப் பக்கமாகச் சாய்ந்திருக்கும் ஒரு கிளையை மட்டும் ராஜாமணி யாரையும் தொட விடவில்லை. சாட்சி வரட்டும் என்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
கலைமணி