படிக்கட்டு அதே இடத்தில்தான் இருக்கிறது

மாடி அறையில் ஒரு முழச் சுவரை வெள்ளையடிக்காமல் விட்டது என் மறதியால் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. எனக்கு மறதி கிடையாது. நான் சொல்லித்தான் வெள்ளையடிப்பவர் விட்டார்.

சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. அந்த ஈர வாசனை மாடியிலிருந்து இறங்கி வரும்போது உங்கள் நினைவும் கூடவே வருகிறது. என் கணவர் இறந்த பிறகு, ஆசிரமத்துக்கென்று ஜெர்மனியிலிருந்து வந்து அந்த அறையில் குடியேறியவர் நீங்கள். அந்த ஒரு முழத்தில் இருப்பது, ஒருநாள் உங்கள் ஸ்டவ் குப்பென்று பற்றிக்கொண்டதில் சுவரில் ஏறிய கரி. ஒவ்வொரு ஆண்டும் கார்த்திகை தீபத்துக்கு முன் அதன்மேல் வெள்ளையடிக்க வைப்பேன். அடுத்த மழைக்குள் அது கசிந்து வெளியே வந்துவிடும். பால்காரரிடம் கற்ற தமிழில் கிண்டல் செய்வீர்கள்.

"வீட்டுக்காரம்மா, உங்க விருந்தாளி திரும்ப வந்துட்டாரு!"

"என் வீட்டுல கரி இருக்கக் கூடாதுங்க."

"நடந்தது நடந்ததுதானே? ஏன் மறைக்கிறீங்க?"

பிறகு இரண்டு நாள் பேச மாட்டீர்கள். சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கதவுக்கடியில் தள்ளுவீர்கள்.

அப்படியொரு சண்டைக்குப் பிறகுதான் உங்கள் ஊர் அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அப்பா அங்கே காவலாளி. பள்ளி விட்டதும் அதன் பெரிய படிக்கட்டில் உட்கார்ந்து, ரொட்டி தின்றபடி அவருக்காகக் காத்திருப்பீர்கள். போரில் குண்டு விழுந்து அந்தப் படிக்கட்டு பொடியானது. பல காலம் கூரையில்லாமல் நின்ற கட்டடத்தைப் புதுப்பித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது, படத்தைக்கூடப் பார்க்க மறுத்தீர்கள்.

"ஒண்ணுமே நடக்காத மாதிரி கட்டியிருந்தா என்னால தாங்க முடியாது. உங்க பொண்ணு அங்கதானே இருக்கா? போறப்ப பார்த்துட்டு எழுதுங்க. அப்புறம் நான் போறேன்."

என் பயணம் அமைவதற்குள் நீங்கள் இறந்துவிட்டீர்கள். இந்தக் கோடையில்தான் பார்த்தேன். எழுதுகிறேன்.

புதுப்பித்தவர்கள் பொய் சொல்லவில்லை.

உள்ளே நுழைந்ததும் எனக்குக் கால் நகரவில்லை. ராஜகோபுரத்தின் கீழே நடந்து பழகியவள் நான்; வெறும் உயரம் என்னை மிரட்டாது. இருபுறமும் பூச்சில்லாத செங்கல் சுவர்கள். தீ கருக்கிய இடங்களைத் தேய்த்துக் கழுவவில்லை. சித்திரம் உதிர்ந்த இடத்தில் யாரும் மீதியை வரைந்து நிரப்பவில்லை. நடுவே உங்கள் படிக்கட்டு. அதே இடம், அதே ஏற்றம். ஆனால் வெளிறிய கான்கிரீட்டில், ஒரு பூவோ கொடியோ இல்லாமல், நான் புதிது என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. பழையதும் புதியதும் சேரும் இடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான், உங்களுக்குத் தெரியுமே. ஒன்றும் அகப்படவில்லை.

மகள் காதருகே வந்தாள். "என்னம்மா, சர்ச்சுல நிக்கிற மாதிரி நிக்கிற?"

"பேசாத" என்றேன். நான் படித்த கான்வென்டில் சிஸ்டர்கள் அதட்டி வரவழைத்த மௌனம், அங்கேதான் முதல்முறையாகத் தானாக வந்தது.

வெள்ளையடிப்பவர் இந்த ஆண்டும் கரிக்கு முன்னால் பிரஷ்ஷோடு நின்றார்.

"அதை மட்டும் விட்டுடுங்க."

"இன்னாம்மா இது? பாக்கறவங்க என்னைத்தான கேப்பாங்க?"

"கேக்கட்டும். சுத்தி இருக்கிறதைக் கோணாம நேரா அடிங்க."

மற்ற சுவர்களைப் பொறுத்தவரை நான் இன்னும் என் கட்சிதான். வீடு அருங்காட்சியகம் இல்லை. அந்த ஒரு முழம் மட்டும் உங்களுடையது.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. எந்தப் படியில் உட்கார்ந்து காத்திருப்பீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை. அடுத்த முறை போனால் நான் அதில் உட்கார வேண்டும். எழுத்தில் பதில் தாருங்கள். பழையபடி கதவுக்கடியில் தள்ளினால் போதும்.