சுட்டிக் குதிரைப் புத்தகங்கள்

வில்லியனூர்
ஐப்பசி, 1979

அன்பு மகள் உமையாளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். மாப்பிள்ளையும் குழந்தை வள்ளியும் அந்தப் பாரிஸ் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கோயிலுக்குப் போகும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். இங்கே மழை நன்றாகப் பெய்து ஊசுட்டேரி தளும்பி நிற்கிறது. பாத்திரக் கடையை உன் தம்பி ஏகநாதன் பார்த்துக்கொள்கிறான். பித்தளையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, வருகிறவர்கள் எல்லோரும் எவர்சில்வர்தான் கேட்கிறார்கள். இதெல்லாம் ஊர் நலம். என் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால், இந்தக் கடிதத்தை நான் கோபத்தோடு எழுதுகிறேன். படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே, கடைசி வரைக்கும் படி.

போன கடிதத்தில் நீ எழுதியதை முதலில் சொல்கிறேன். "என் குதிரைப் புத்தகங்களை அம்மாதான் பழைய பேப்பர்காரனிடம் போட்டிருப்பாள், அவளுக்குப் புத்தகத்தின் அருமை எங்கே தெரியும்" என்று எழுதியிருந்தாய். உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, உன் கடிதங்களை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன் என்பது உனக்குத் தெரியாதா? அந்த வரி வந்ததும் பாதியில் நிறுத்திவிட்டேன். நிறுத்தியதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. நான் கடைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், வீங்கிப்போன முழங்காலோடு ஏணி வைத்துப் பரண்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். தலையெல்லாம் ஒட்டடை. உன் பாவாடை, சிலேட்டு, சோழிப் பெட்டி எல்லாவற்றையும் துணியில் முடிந்து வைத்திருக்கிறாள், எதையும் அவள் யாருக்கும் போடவில்லை. புத்தகம் மட்டும் இல்லை. "நான் போடலைங்க, சத்தியமா போடலை" என்று என்னிடம் சொல்கிறாள், நான் என்னவோ போலீஸ்காரன் மாதிரி. அந்த ஆத்திரத்தில்தான் நான் தேடக் கிளம்பினேன். புத்தகத்தைக் கண்டுபிடித்து உன் முகத்தில் எறிகிற மாதிரி அனுப்ப வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

உனக்கோ புத்தகத்தின் பேர் தெரியவில்லை. மூன்று புத்தகம், நீல அட்டை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள மட்டக்குதிரை, இரட்டைச் சடை போட்ட பெண், எங்கேயோ ஒரு பாலம், வெள்ளம் என்று எழுதியிருக்கிறாய். அங்கே கடைகளில் குதிரைக் கதைகள் சுவர் சுவராக அடுக்கியிருக்கிறார்கள், ஆனால் அதில் எதுவும் அந்தக் கதை இல்லை, தமிழில் படித்த அதையேதான் வள்ளிக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்கிறாய். நானும் புதுச்சேரிக்குப் போய்ப் பழைய புத்தகக் கடைக்காரர்களிடமெல்லாம் குதிரை, சுட்டி, பாலம் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருத்தர் எனக்குக் குதிரைப் பந்தயப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். இந்த வயசில் எனக்கு இது தேவையா? அப்புறம்தான் மடுகரையில் இருக்கும் என் தங்கை விருத்தாம்பாள் நினைவு வந்தது. உன்னைப் புதுச்சேரியில் ஹாஸ்டலில் சேர்த்தபோது உன் பழைய புத்தகங்களைத் தன் பிள்ளைகளுக்கு என்று அவள் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனாள். பஸ் ஏறிப் போனேன். அவள் அரிசிப் பானைகளுக்குப் பின்னாலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்து வந்தாள். நீல அட்டை. சுட்டிக் குதிரை. மூன்றாவது, போன புயலில் ஓடு பறந்து மழையில் ஊறிக் கூழாகிவிட்டதாம்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? திரும்பும் பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். நடுவில் உலகநாதன் வாத்தியார் ஏறினார். உனக்கு அஞ்சாம் வகுப்பு எடுத்தாரே, அவர்தான், இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்தவர் புத்தகத்தைப் பார்த்ததும் சிரித்தார். "இதுக்காவ ஒரு கூத்தே நடந்துச்சுங்க. நீங்க உங்க பொண்ணுக்கு ஆசையா புதுச்சேரியிலேருந்து வாங்கியாந்தத, மரியதாஸ் பொண்ணு சலேத்மேரி தன்னுதுன்னு சொல்லிச்சு. உங்க பொண்ணு அழுவுது. கிளாஸ்லயே வெச்சி சலேத்மேரிக்கு நாலு போட்டன்" என்றார்.

நான் எங்கே வாங்கினேன்? நான் வாங்கவில்லையே உமையாள். வீட்டில் நீ என்ன சொன்னாய் என்பது எனக்கு நன்றாக நினைவு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் முதல் பரிசாகக் கொடுத்தார்கள் என்று சொன்னாய். உன் அம்மா அதற்காகப் பாயசம் வைத்தாள். அதனால் வாத்தியாரைக் கேட்டேன், அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் புத்தகம் பரிசு கொடுத்தீர்களா என்று. சாக்பீஸ் வாங்கவே வழியில்லாத பள்ளிக்கூடம், பரிசு எங்கிருந்து கொடுப்பது என்றார். வீட்டில் ஒன்று சொல்லி, பள்ளிக்கூடத்தில் வேறு ஒன்று சொல்லியிருக்கிறாய். இரண்டும் பொய். பஸ்ஸில் அத்தனை பேருக்கு நடுவில் என் காது சூடாகிவிட்டது. அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை விசாரித்தீரா என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் கூசாமல், "நீங்க பாத்திரக்கடைக்காரரு. அது சேரிப் பொண்ணு. நான் யாரைங்க நம்பறது?" என்றார். அவருக்குப் பக்கத்தில் உட்கார முடியாமல் நடுவழியிலேயே இறங்கி மழையில் நடந்து வந்தேன். அவர் பிரம்பை ஓங்கியது உன் அழுகையைப் பார்த்து இல்லை. என் கடைப் பேருக்காக ஓங்கியிருக்கிறார்.

மரியதாஸை உனக்கு நினைவிருக்கும். சந்தையில் மூட்டை தூக்கினார், நம் கடைக்கு வரும் பெட்டிகளையும் அவர்தான் இறக்குவார். ஒரு நாள் திடீரென்று வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு அபிஷேகப்பாக்கம் போய்விட்டார். என்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. சந்தையில் விசாரித்து வழி தெரிந்துகொண்டு, மறுநாளே புத்தகத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். மரியதாஸ் செத்துப்போய்ச் சில வருஷம் ஆகிறது. அவர் சம்சாரம் வேலம்மாள் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். சலேத்மேரி வாசலில் தையல் மிஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்ததும் இரண்டு பேருமே எழுந்து நின்றார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

புத்தகத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டது. வாங்கவில்லை. மெதுவாகக் கேட்டுக் கேட்டுத்தான் விஷயத்தை வாங்கினேன். அந்தப் பெண் மாதா கோயிலில் நன்றாகப் பாடுகிறது என்று கிறிஸ்துமஸுக்குச் சாமியார் மெட்ராஸிலிருந்து வரவழைத்துக் கொடுத்த புத்தகங்களாம். ஒரு நாள் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று நீ மூன்றையும் வாங்கிப் போனாயாம். அப்போது அது முதல் புத்தகத்தை மட்டும்தான் படித்திருந்ததாம். திருப்பிக் கேட்டதற்குத்தான் பள்ளிக்கூடத்தில் அடி. மகளுக்காகக் கேட்கப் போன மரியதாஸை வாத்தியார் உள்ளேயே விடவில்லையாம். கடைசியாக அந்தப் பெண் நம் வீட்டுக் கொல்லைப்புறம் வந்து உன்னைக் கூப்பிட்டிருக்கிறது. நீ வெளியே வந்து என்ன சொன்னாய் என்பதை அது சொன்னபடியே எழுதுகிறேன். "இன்னொரு தபா இங்க வந்தா எங்கப்பாகிட்ட சொல்லி உங்கப்பாவ சந்தையிலேருந்தே நிறுத்திடுவன்னு சொல்லிச்சுங்கையா. நான் பயந்துக்கினு எங்கப்பாகிட்ட சொன்னன். அவுரு, நிறுத்தறதுக்கு முன்னாடி நாமளே பூடலாம்னு கூட்டியாந்துட்டாரு. அப்புறம் இன்னா, பள்ளிக்கூடம் போவல." இதைச் சொல்லும்போது அந்தப் பெண் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. மிஷினில் நூல் கோர்த்துக்கொண்டே சொன்னது.

வேலம்மாள்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "புஸ்தகம் கெடக்கட்டும் ஐயா. எம் புருஷன் பள்ளிக்கூடத்து வாசல்ல கையக் கட்டிக்கினு வெயில்ல நின்னாரு. அத யாரு திருப்பிக் குடுப்பா?" என்று கேட்டார். புத்தகத்தை மிஷின் பலகைமேல் வைத்தேன். நான் தெருவுக்கு இறங்கிய பிறகு அந்தப் பெண் பின்னாலேயே வந்து, "மூணாவது எங்கங்க?" என்று கேட்டது. மழையில் போய்விட்டது என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டது.

ஆகவே புத்தகம் உனக்கு வராது. அது உன்னுடையது இல்லை.

உன் அம்மா, பத்து வயசுப் பிள்ளை செய்ததற்கு இப்போது எழுதுவானேன், தூர தேசத்தில் இருக்கிற பெண்ணுக்கு மனசு கஷ்டப்படும் என்கிறாள். நீ பழி போட்ட அதே அம்மாதான் உனக்காகப் பேசுகிறாள், தெரிந்துகொள். பத்து வயசில் ஆசைப்பட்டு எடுத்ததை நான் பெரிதாக நினைக்கவில்லை. பிள்ளைகள் எடுக்கும். ஆனால் இந்த வயசில், ஒரு குழந்தையைப் பெற்ற பிறகும், "என் குதிரைப் புத்தகங்கள்" என்று எழுதுகிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குதிரை நெற்றியில் சுட்டி இருந்தது ஞாபகம் இருக்கிறது, பாலம் ஞாபகம் இருக்கிறது, சலேத்மேரி ஞாபகம் இல்லையா? மறந்துவிட்டாய் என்றால் எனக்கு அது வருத்தம். ஞாபகம் வைத்துக்கொண்டே எழுதினாய் என்றால் அதைவிடப் பெரிய வருத்தம். இரண்டில் எது என்று எனக்குச் சொல்ல வேண்டாம், எனக்குத் தூக்கம் வர வேண்டும். என் பேரைச் சொல்லி ஒரு மனுஷனை ஊரைவிட்டே துரத்தியிருக்கிறாய். அந்தச் சந்தையில்தான் நான் இத்தனை வருஷம் நல்லவன் என்று தலை நிமிர்ந்து நடந்தேன்.

தை மாதம் பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். வா. ஏகநாதன் மெட்ராஸுக்கு டாக்சி எடுத்து வருவான். மாப்பிள்ளையையும் குழந்தையையும் வீட்டில் இறக்கிவிட்டு அதே டாக்சியில் நீ அபிஷேகப்பாக்கம் போக வேண்டும். நம் வீட்டுப் படி ஏறுவது அதற்குப் பிறகுதான். செண்ட் பாட்டில், புடவை என்று எதையும் தூக்கிக்கொண்டு போகாதே, அதைக் கொடுத்துக் கணக்கை முடித்த மாதிரி ஆகிவிடும். வெறுங்கையோடு போய், நான்தான் பொய் சொன்னேன் என்று வேலம்மாள் காது கேட்கச் சொல். உள்ளே கூப்பிட மாட்டார்கள், எதிர்பார்க்காதே. திட்டினால் நின்று கேட்டுக்கொள். அந்த மூன்றாவது புத்தகத்தில் என்ன நடந்தது என்று சலேத்மேரி கேட்டால், நினைவிருக்கிற வரைக்கும் சொல். நினைவில்லாததை இட்டுக்கட்டாதே.

உன் அம்மாவுக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுது. அதில் பரணைப் பற்றி, பேப்பர்காரனைப் பற்றி நீ எழுதியது தப்பு என்று இருக்க வேண்டும். அதை நான் ஒரு எழுத்து விடாமல் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். வள்ளிக்குத் தலைக்குக் குளிப்பாட்டினால் ஈரம் போகத் துவட்டு, போட்டோவில் பிள்ளை இளைத்துத் தெரிகிறாள். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது, மறந்துவிடாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும். எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்த ஒரு வரியை எழுதாமல் கையெழுத்துப் போட எனக்கு வரவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க வேண்டாம் என்று உன் அம்மா பேனா மூடியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள், மூடி இல்லாத பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு நான் வெளியே கிளம்ப மாட்டேன் என்ற நினைப்பில். மை காய்வதற்குள் நானே போய்ப் போட்டுவிட்டு வருகிறேன்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
தெய்வசிகாமணி