கம்பியில் குறையாத ஒயில்

என் நெஞ்சில் இருக்கிற றஹீம் நானாவுக்கு,

முதலில் லொறியின் சுகத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்காமல் நீங்கள் வேறு எதையும் காதில் வாங்க மாட்டீர்கள். இன்று வெள்ளிக்கிழமை. காலையில் ஸ்டார்ட் பண்ணினேன், இரண்டாம் தரம் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை ஒரு நிமிடம் போல வந்து தெளிந்துவிட்டது. ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அந்த வாயிலேயே தலைகீழாக வைத்துப் பார்த்தேன். இருந்த இடத்தில் நடுங்கியது, துள்ளி விழவில்லை. ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியில் போன வெள்ளியைவிட ஒரு நெல்லுமணி அளவு கீழே. உள்ளதை உள்ளபடி எழுதி வைத்திருக்கிறேன்.

உள்ளதை உள்ளபடி என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது, நானா. நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. இந்த ஒரு வருடமும் இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிக்க வேண்டும், அதற்காகச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்குப் பக்கத்து வளவில் நின்ற பழைய டீசல் லொறி என்னுடையது. அதை ஓட்டியவரும் பார்த்தவரும் நீங்கள். மருதானையிலிருந்து பஸ்ஸில் வருவீர்கள். இரண்டு பேருமாக அரிசியும் மாவும் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக் கடைகளுக்கும் கிருலப்பனைக்கும் போவோம். இருபத்திரண்டு வருடம். நான் உங்களை நானா என்றேன், நீங்கள் என்னைத் தம்பி என்றீர்கள். நம் இருவரையும் பார்த்தவர்கள் இது எந்த வழிச் சொந்தம் என்று கேட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் நீங்கள் சாரதி இல்லை, டொக்டர். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கம்பியை இழுத்து ஒயில் பார்ப்பீர்கள். பிறகு முதல் புகை. பிறகு மூடி, அது துள்ளி விழுந்தால் எஞ்சின் உள்ளே தேய்ந்துவிட்டது என்பீர்கள். கடைசியில் நீளமான ஸ்குறூட்ரைவரை எஞ்சினில் வைத்து, கைபிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பீர்கள். அந்த நேரம் என் மனைவி கமலா தேத்தண்ணி கொண்டுவந்தால்கூட நான் வாயில் விரல் வைத்துக் காட்டுவேன். எல்லாம் முடிந்ததும் பையில் கொண்டுவரும் கடைக் கலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் ஒரு சொல் எழுதுவீர்கள்: நோர்மல்.

"இதென்ன நோர்மல், நானா? இருமிக்கொண்டெல்லோ நிக்குது" என்று நான் பகிடி பண்ணுவேன்.

"தம்பி, கெழட்டு எஞ்சினுக்கு நல்லது கூடாதது என்டு ஒண்டும் இல்ல. போன கெழமை எப்படி இருந்திச்சோ இந்தக் கெழமையும் அப்படி இருந்தா அதுதான் நோர்மல். மாறினாத்தான் பயப்படணும்."

அதனால்தான் உங்களுக்குக் கம்பி அவ்வளவு முக்கியம். வாரத்துக்கு எவ்வளவு ஒயில் குடிக்கிறது என்பது உங்கள் கணக்கு. வெள்ளிக்கு வெள்ளி நீங்கள்தான் ஊற்றுவீர்கள், வேறு யாரும் கை வைக்கக்கூடாது. லொறியின் ஒயில் மீற்றர் செத்துப் பல வருடம். "மாத்துவமா?" என்று கேட்டால், "நான் இருக்கேன்தானே" என்பீர்கள்.

என் சீனி வருத்தம் உங்களுக்குத் தெரியும். இரத்தம் சோதிக்கப் போவதற்கு இரண்டு நாள் முன்னதாக நான் பாவக்காயும் பச்சைத் தண்ணியுமாக விரதம் இருப்பேன். றிப்போட் அழகாக வரும். வந்த அன்றைக்கே வெள்ளவத்தையில் நிறுத்தி இனிக்க இனிக்க வட்டிலப்பம் வாங்குவேன். நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையை ஆட்டுவீர்கள். "டொக்டர ஏமாத்தலாம் தம்பி. ஒங்கட கால்ல வார புண்ண ஏமாத்த ஏலா."

அந்தப் புத்தியைத்தான் நான் லொறிக்கும் காட்டினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நீங்கள் வரமுதல், சும்மா இருக்கமாட்டாமல் கம்பியை இழுத்துப் பார்த்தேன். கீழ்க் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது. வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள். நீங்கள் முன்பே சொல்லிவிட்டீர்கள், ஒயில் கூடக் குடிக்கத் தொடங்கினால் எஞ்சினைத் திறக்கத்தான் வேண்டும், ஒரு மாதம் லொறி நிற்கும் என்று. தீபாவளி வருகிறது. கடைக்காரர்கள் எல்லாருக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று. இந்த ஒரு கிழமை மட்டும், என்று நினைத்துக்கொண்டு ஊற்றினேன். மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே, நீங்கள் வழக்கமாகக் காணும் இடத்தில், கச்சிதமாக நிறுத்தினேன். வெறும் போத்தலைப் பழைய சாக்குகளுக்குப் பின்னால் ஒளித்தேன்.

ஒரு கிழமை மூன்று மாதமானது. விடியற்காலையில் எழும்பிச் சாமிக்கு விளக்கு வைக்கிறேனோ இல்லையோ, லொறிக்கு ஒயில் வைத்தேன்.

ஆனால் நீங்கள் என்ன லேசுப்பட்ட ஆளா? மூன்றாம் வெள்ளியே நெற்றியைச் சுருக்கினீர்கள். கம்பியை மணந்து பார்த்தீர்கள். ஒயிலை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தீர்கள். டீசல் கசிந்து ஒயிலோடு கலந்தால் மட்டம் குறையாது என்று சொல்லி, இடுப்பில் நாரிப் பிடிப்போடு லொறிக்குக் கீழே படுத்து அரை நாள் தேடினீர்கள். கசிவு இருந்தால்தானே கிடைக்கும்! நான் பக்கத்தில் குந்தியிருந்து உங்களுக்கு லைட் பிடித்தேன், நானா. அதை நினைத்தால் இப்போதும் என் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

வெளியில் வந்து துணியால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "பொகை நீலமா வருது. மூடியும் முந்தி மாதிரி இல்ல, துள்ளுது. அப்ப ஒயில் எரியுது. ஆனா கம்பி மட்டும் நோர்மல் என்டுது. யாரோ பொய் சொல்றாங்க தம்பி. எஞ்சினுக்குப் பொய் சொல்லத் தெரியாது." சிரித்தீர்கள். பிறகு சிரிக்காமல் கேட்டீர்கள். "நீங்க ஒயில் ஊத்தினீங்களா?"

"இல்லை நானா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தேன். நீங்கள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "அப்ப சரி" என்றீர்கள். "என்ட கண்ணுலதான் பிழ போல. நீலமாத் தெரியுது."

"ஓம் நானா, ஒருக்காக் கண்ணைக் காட்டுங்கோ" என்றேன்.

இதுதான், நானா. ஒயில் ஊற்றியதைக்கூடப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று மன்னிக்கலாம். "கண்ணைக் காட்டுங்கோ" என்று சொன்னேனே, அதற்கு என்ன பெயர்? நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். ஒரு நாள் முழுக்கக் கியூவில் இருந்து, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடுத்த வெள்ளி வந்து நின்றீர்கள். கண்ணாடிக்குள்ளாலும் புகை நீலம்தான். கண்ணாடியைக் கழற்றி சட்டைப் பையில் வைத்தீர்கள்.

கமலாவுக்குத் தெரிந்துவிட்டது. சாக்குக்குப் பின்னால் போத்தல்களைக் கண்டிருக்கிறாள். "அந்த மனிசன் தன்ரை கண்ணைச் சந்தேகப்படுது. சொல்லுங்கோவன். சொன்னால் என்ன, உங்களைக் கடிச்சே தின்னப்போகுது?" என்று கேட்டாள். "தீபாவளி முடியட்டும்" என்றேன். தீபாவளி முடிந்தது. "வருசம் பிறக்கட்டும்" என்றேன். சொல்லாமல் விட்டதைச் சொல்ல நாள் போகப் போகக் கஷ்டமாகிறது. இப்போது ஒயிலை மட்டும் அல்ல, அந்தக் கண்ணாடியையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்!

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு மூன்று மாதம் ஓடி, நான் ஊரில் இல்லாத ஆறாம் நாள் நின்றது. மச்சாளின் மகள் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போனேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறினேன். மூன்றாம் நாள் பந்தியில் இருந்து சாப்பிடும்போது ஒயிலின் நினைவு வந்தது. கை கழுவிவிட்டு உங்களுக்கு ஃபோன் எடுத்தேன். ஞாபகம் இருக்கிறதா? "அங்க மழையா நானா?" என்று கேட்டேன். "இல்ல தம்பி, வெயில்" என்றீர்கள். வைத்துவிட்டேன். கம்பியைப் பாருங்கோ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். "ஏன்?" என்று நீங்கள் கேட்பீர்களே என்று பயந்தேன். வெள்ளிக்கிழமை அவர் எப்படியும் பார்ப்பார்தானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

வியாழக்கிழமை கிருலப்பனையில் எஞ்சின் இறுகியது. அடியில் தட்டுகிற சத்தம் கேட்டதும் நீங்கள் உடனே ஓரங்கட்டி நிறுத்தினீர்களாம். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மருதானைக் கராஜுக்கு இழுத்துப்போய்த் திறந்து பார்த்த சிங்கள மெக்கானிக் பாஸ், "தெல் பிந்துவக்வத் நே" என்றாராம். ஒரு சொட்டு ஒயில்கூட இல்லை. இருபது பேர் கூடி நின்ற இடத்தில். சந்தேகமான எஞ்சின் எது வந்தாலும் "றஹீம் நானாவக் கூப்பிடுங்க, அவர் காது வைச்சுப் பாக்கட்டும்" என்று உங்களைத் தேடி ஆள் அனுப்புகிற அதே கராஜில்.

நான் வந்து இறங்கிய அன்று நீங்கள் வளவு வாசலில் நின்றீர்கள். சாவியைத் துணியில் சுற்றி வைத்திருந்தீர்கள். "தம்பி, ஒங்கட எஞ்சினக் கொன்டுட்டேன். கண்ணும் போயிட்டு, காதும் போயிட்டு. இனி நான் ஒண்டையும் தொட மாட்டேன்." என் கையில் சாவியை வைத்தீர்கள். அது சூடாக இருந்தது, அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். அப்போதாவது வாயைத் திறந்தேனா? "பரவாயில்லை நானா, வயசு போனால் அப்பிடித்தான்" என்றேன். மன்னித்தேன்! உங்களை நான் மன்னித்தேன், பாருங்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் எந்த எஞ்சினுக்கும் காது கொடுக்கவில்லை. கராஜிலிருந்து ஆள் வந்தாலும் "என்ன கேக்காதீங்க" என்று கதவைச் சாத்தினீர்களாம். எட்டு மாதத்தில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுச் சாய்ந்தவர் எழும்பவில்லை. ஜனாஸா அன்று பள்ளிவாசலுக்கு வெளியே நான் நின்றபோது பக்கத்தில் இரண்டு பேர் கதைத்தார்கள். "நல்ல மனிசன். கடைசிக் காலத்துல காதுதான் சரியில்ல."

போன கிழமை உங்கள் மகள் பர்ஹானா வந்தாள். வத்தளைக்கு வீடு மாறுகிறார்களாம், அலுமாரியை ஒதுக்கும்போது கிடைத்ததாம். "அங்கிள், வாப்பாட கலண்டர். ஒங்கட லொறிட கணக்குத்தான் எல்லாம். நீங்களே வெச்சுக்கொள்ளுங்க" என்று தந்துவிட்டுப் போனாள்.

கமலா பக்கத்தில் இருக்கத்தான் புரட்டினேன். ஒவ்வொரு வெள்ளியும் நோர்மல், நோர்மல். பிறகு அந்த வெள்ளி வந்தது. கட்டம் சின்னது, நீங்கள் எழுத்தைக் குறுக்கி எழுதியிருந்தீர்கள்: "பொகை நீலம். மூடி துள்ளுது. கம்பி நோர்மல். ஊத்த இல்லை என்டு தம்பி சொன்னார்." அதற்கடுத்த வெள்ளி: "நோர்மல், தம்பி சொன்னார்." அதற்கடுத்ததும். நான் யாழ்ப்பாணம் போன வெள்ளி வரைக்கும் "தம்பி சொன்னார்", "தம்பி சொன்னார்". நீங்கள் எஞ்சினைக் கேட்டு எழுதவில்லை. என்னைக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள்.

எஞ்சின் இறுகியதற்கு அடுத்த நாள் வெள்ளிக் கட்டத்தில் இரண்டே சொல். "என்ட பிழ."

கமலா எழும்பி உள்ளே போய்விட்டாள். குலுங்கிக் குலுங்கி அழுதேன், நானா, அதை மறைக்க எனக்கு வெட்கமில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்களுக்குத் தெரியுமா? என்னை நம்பித்தான் அப்படி எழுதினீர்களா, அல்லது பொய் சொல்வது யார் என்று தெரிந்து, நானே வந்து சொல்வேன் என்று வெள்ளிக்கு வெள்ளி எனக்காகக் காத்திருந்தீர்களா? கராஜில் எல்லாரும் காது போய்விட்டது என்று சொன்னபோது இந்தக் கலண்டரைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் முடிந்திருக்குமே. ஏன் காட்டவில்லை? என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லையா? நம்பினீர்கள் என்றாலும் தாங்க முடியவில்லை, தெரிந்திருந்தது என்றாலும் தாங்க முடியவில்லை.

எஞ்சின் திறந்து செய்து இப்போது ஓடுகிறது. வேறு சாரதி வருகிறார், நல்ல பிள்ளை. ஆனால் வெள்ளிக்கிழமைக் கம்பியை நான்தான் இழுக்கிறேன். ஸ்குறூட்ரைவரையும் காதில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒரே இரைச்சல். அதற்குள் நீங்கள் என்னத்தைக் கேட்டீர்களோ!

அடுத்த வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லாரும் மருதானைக் கராஜ் வாசலில் நிற்பார்கள். பாஸும் நிற்பார், பள்ளிவாசலில் கதைத்த அந்த இரண்டு பேரும் நிற்பார்கள். பர்ஹானாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை அங்கே சத்தமாக வாசிப்பேன். பாஸுக்கு என் ஓட்டைச் சிங்களத்திலும் சொல்வேன். உங்கள் கண் சரி, காது சரி, மூடி சரி, புகை சரி. பிழையாக இருந்த ஒரே சாமான் நான்தான் என்று சொல்வேன். அவர்கள் காறித் துப்பினால் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் வாசிப்பேன். இது சத்தியம், நானா.

உங்கள் "என்ட பிழ"யை நான் வெட்டவில்லை. உங்கள் எழுத்தில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. அதற்குக் கீழே இருந்த கொஞ்ச இடத்தில், இரண்டு வருடம் பிந்தி, நீங்கள் அன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதி வைத்திருக்கிறேன்: "ஓம் நானா, ஊத்தினனான்."

இப்படிக்கு,
நீங்கள் நம்பின உங்கட தம்பி,
சிவனேசன்
கொட்டாஞ்சேனை